திரும்பி வரும் தூரம்

கவராயத்தின் முள் வரைபடத்தில் இறங்கியதும் இடது கையின் இரண்டு விரல்கள் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டன. வலது கை மெல்லச் சுழன்றது. இந்த வேலையில் அவசரம் ஆகாது. முள் ஒரு நூல் நழுவினால் ஒரு பேட்டையே வட்டத்துக்கு வெளியே போய்விடும். நகங்களை ஒட்ட வெட்டிய கைகள் அவை. ஆள்காட்டி விரலின் ஓரத்தில் பென்சில் கரி நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்ததும் விரல்கள் முள்ளைத் தூக்கி, விழுந்த துளையைத் தடவிப் பார்த்தன.

எதிரே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த பொருளாதார நிபுணர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். பல வருடங்களாக அவளோடு வேலை பார்ப்பவர். எண்கள் என்றால் உயிர், வெயில் என்றால் ஜுரம்.

“மேடம், இதைக் கம்ப்யூட்டர் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போட்டுடும்.”

“போட்டுடும். எங்க போட்டோம்னு அதுக்குத் தெரியாது.”

அலுவலகத்தில் அவளுக்கு வட்டம் மேடம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்லி, பிறகு முகத்துக்கு நேராகவே சொல்லி, கடைசியில் பியூன் தொலைபேசியில்கூட “வட்டம் மேடம் மீட்டிங்ல இருக்காங்க” என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை.

போட்டி ஆணையம் என்று வாசலில் பலகை மாட்டியிருந்த அந்தக் கட்டடத்தில் அவளுடைய பிரிவுக்கு ஒரே வேலைதான். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்குகிறேன் என்று வந்து நின்றால், வாங்கியபிறகு ஜனங்களுக்கு வேறு போக்கிடம் இருக்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இருந்தால் வாங்கிக்கொள்ளட்டும். இல்லையென்றால் தடுக்க வேண்டும். போக்கிடம் எது, எவ்வளவு தூரம் வரை போக்கிடம் என்பதில்தான் வழக்கின் உயிரே இருக்கும். அதற்குத்தான் வட்டம்.

இப்போது மேசையில் இருந்தது டயாலிசிஸ் மையங்களின் வழக்கு. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று முறை போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரும் இடங்கள். நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்த பெரிய மையம், ரயில் பாதைக்கு அப்பால் பழைய மரச்சாமான் கடையில் இயங்கிய சின்ன மையத்தை விலை பேசி முடித்திருந்தது. வாங்கியதும் சின்னதை மூடிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மனுவிலேயே ‘ஒருங்கிணைப்பு’ என்று நாசூக்காக எழுதியிருந்தார்கள். ஆனால் வட்டத்துக்குள் இன்னும் மூன்று ஆஸ்பத்திரிகளில் அதே இயந்திரங்கள் இருந்தன. கட்டணமோ அரசாங்கம் நிர்ணயித்தது, யாரும் ஏற்ற முடியாது. இதில் போட்டி குறைய என்ன இருக்கிறது?

“கதை முடிஞ்சுது. ஆட்சேபணை இல்லைன்னு எழுதிடலாமா?” என்றார் பொருளாதார நிபுணர்.

“எழுதலாம். ஒரு தடவை போய் நின்னு பாத்துட்டு வந்துடறேன்.”

“மூட்டு வலின்னு சொன்னீங்களே?”

“வட்டத்துக்கு மூட்டு வலி தெரியாதே.”

போய் நிற்பது அவளுடைய பழக்கம். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து விடாத பழக்கம். விலைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் தட்டச்சராகத்தான் வாழ்க்கையைத் தொடங்கினாள். சோப்புக்கும் சைக்கிள் டயருக்கும் அரசாங்கம் விலை வைத்த காலம். அந்த ஆணைகளை அடித்து அடித்தே ஒரு பொருளின் விலைக்குள் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கற்றுக்கொண்டாள். சட்டம் மாறி அந்த அலுவலகத்தைக் கலைத்தபோது மற்றவர்கள் வருவாய்த் துறைக்கு மாற்றல் கேட்டு ஓடினார்கள். அவள் மட்டும் புதிதாக வந்த போட்டி ஆணையத்தைக் கேட்டாள். காரணம் கேட்டவர்களிடம், அங்கே மின்விசிறி எல்லாம் சுற்றுகிறதாம் என்றாள். மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தாள். வகுப்பில் அவளுக்குத்தான் வயது அதிகம். பேராசிரியர் ஒருவர் முதல் நாள் அவளைப் பார்த்துத் தவறிப்போய் எழுந்து நின்றுவிட்டார்.

அவளுடைய முதல் வழக்கு இரண்டு சூப்பர் மார்க்கெட்டுகள் பற்றியது. ஜனங்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள், இந்தக் கடையை மூடினால் எதற்குப் போவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் போய் வாசலில் நின்று உள்ளே நுழைகிறவர்களை ஒவ்வொருவராகக் கேட்டாள். ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்துக் காவலாளி துரத்தினார். மறுநாளும் போய் நின்றாள். பெரும்பாலானவர்கள் அரைமணி நேரத்துக்கு மேல் பயணப்பட மாட்டார்கள் என்று தெரிந்தது. அரைமணி வட்டம் அப்படித்தான் பிறந்தது. அந்த வழக்கில் அவள் பக்கம் தீர்ப்பானதும் அதே மாலைக் கல்லூரி பாடம் எடுக்கக் கூப்பிட்டது. பாடக் குறிப்புகள் பெருகின. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் உட்கார்ந்து அவற்றைப் புத்தகமாக்கினாள். மறுபாதி அவள் கணவருடையது. அவர் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல்வரிசை செய்து கொடுப்பவர். இவள் சந்தை ஆதிக்கம் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போது எதிரே ஏழெட்டுப் பல்வரிசைகள் காய்ந்தபடி இவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

புத்தகத்துக்குப் பச்சை அட்டை. வக்கீல்களும் நீதிபதிகளும் பச்சைப் புத்தகம் என்றே அதைச் சொன்னார்கள். அதன் நான்காம் அத்தியாயம்தான் அரைமணி வட்டம். இந்தத் துறையில் யார் எதை வாங்கினாலும் முதலில் அந்த அத்தியாயத்தைத் திறந்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்கள்.

*

சின்ன மையத்தின் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவள் தன் அடையாள அட்டையைக் காட்டி, மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் ஒருவர் செய்தித்தாளை நாலாக மடித்துக் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டிய வயது, வாரிய தலை, மடிப்புக் கலையாத சட்டை.

“புதுசா, மேடம்? அந்த ஓரத்துச் சீட்டுக்குப் போங்க, டிவி தெரியும்.”

“நான் பேஷன்ட் இல்ல சார். போட்டி ஆணையத்துலேர்ந்து வர்றேன்.”

“போட்டி ஆணையமா? ஓட்டப்பந்தயம் நடத்தறீங்களா?”

“ஓடறவங்க கையைக் கோத்துக்கிட்டு ஓடாம பாத்துக்கறோம்.”

அவர் பேனாவை மூடிவிட்டு நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். தனக்கு ஜெராக்ஸ் கடை என்றார். கல்யாணப் பத்திரிகை, கடன் பத்திரம், விவாகரத்துப் பத்திரம் எல்லாம் தன் மெஷினில் ஏறி இறங்கித்தான் போகும், இந்த ஊரின் ரகசியமெல்லாம் தனக்கு இரண்டு பக்கமும் தெரியும் என்றார். இந்த மையத்தை மூடிவிட்டால் எங்கே போவீர்கள் என்று அவள் கேட்டாள்.

“மூடினா என்ன? மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி இருக்கே. பக்கம்தான். நேர் பஸ். ஏறி உக்காந்தா ஒரு தூக்கம் போடறதுக்குள்ள எறக்கி விட்டுடுவான்.”

அவள் குறித்துக்கொண்டாள். அந்த ஆஸ்பத்திரி வட்டத்துக்குள் இருந்தது. இன்னும் நான்கைந்து பேரைக் கேட்டாள். எல்லோரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். வட்டம் சரியாகத்தான் இருக்கிறது. உள்ளே கூப்பிட்டதும் ஜெராக்ஸ் கடைக்காரர் குறுக்கெழுத்தை அவளிடம் நீட்டி, “முடிச்சு வைங்க, தப்பா போட்டா அடிச்சுடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அப்போதே கிளம்பியிருக்கலாம். மேலாளரிடம் சில விவரங்கள் கேட்க வேண்டியிருந்ததாலும், வெளியே வெயில் கொளுத்தியதாலும் மத்தியானம் வரை அங்கேயே இருந்தாள். கதவு திறந்து ஜெராக்ஸ் கடைக்காரர் வெளியே வந்தபோது அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. குறுக்கெழுத்தை நீட்டினாள். அதை வாங்கி, என்ன என்று தெரியாதவர்போலப் பார்த்து, பையில் திணித்தார்.

வாசலில் ஒரு வேன் நின்றது. மையத்தின் வேன். டிரைவர் இறங்கி வந்து அவருடைய கக்கத்தில் கை கொடுத்து ஏற்றினார். அவளும் கூட வரலாமா என்று கேட்டாள். டிரைவர் அட்டையைப் பார்த்துவிட்டு, “வாங்க, ஆனா முன்னாடி சீட்டு வேண்டாம், பாட்டு பிடிக்காது உங்களுக்கு” என்றார்.

வேன் மெதுவாகப் போனது. ஐந்தாறு பேர். எல்லோரும் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்கள். டிரைவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தினார். மாடி வீடென்றால் படியேற்றி, கதவைத் தட்டி, ஆள் வந்து கையைப் பிடித்தபிறகே திரும்பினார். ஒரு பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது ஜெராக்ஸ் கடைக்காரர் கண்ணைத் திறந்தார்.

“இங்கதான் உக்காந்திருப்பேன்” என்றார்.

“எப்போ?”

“அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருந்தப்போ. திரும்பறப்போ நேர் பஸ் கெடைக்காது, இங்க வந்து எறங்கிடுவேன். அப்புறம் வீட்டு பஸ் வரும், ஏற முடியாது. படி ரொம்ப உசரத்துல இருக்கும். போகட்டும்னு விட்டுடுவேன். அடுத்ததும் போயிடும். ஒருநாள் படியிலயே விழுந்துட்டேன். கண்டக்டர் குடிச்சிருக்கேன்னு நெனச்சான்.” சிரிக்கப் பார்த்தார். “இவங்க வேன் விடறாங்கன்னு கேள்விப்பட்டு இங்க மாறினேன். நெறைய பேர் மாறினாங்க. உடனே பெரிய சென்டர்காரனும் ஒரு வேன் வாங்கிட்டான், ஏசி வேன். இவங்க சும்மா இருப்பாங்களா, சாய்ஞ்சுக்கறதுக்குத் தலகாணி வெச்சாங்க.”

அவள் தலையணையைத் தொட்டுப் பார்த்தாள். உறை துவைத்துப் போட்டிருந்தது.

“சார், காலையில கேட்டப்போ அந்த ஆஸ்பத்திரி பக்கம்தான்னு சொன்னீங்களே.”

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

“காலையில எல்லாமே பக்கம்தான் மேடம்.”

*

“கட்டணத்துல போட்டி இல்லைன்னு நாம முடிவு கட்டிட்டோம். போட்டி வேன்ல போயிட்டிருக்கு” என்றாள் மறுநாள்.

பொருளாதார நிபுணர் மடிக்கணினியை மூடினார். அவர் மூடுவது அபூர்வம்.

“அந்த மூணு ஆஸ்பத்திரியில வேன் இருக்கா?”

“இல்ல. இந்த ரெண்டு பேரும் ஒருத்தருக்குப் போட்டியா ஒருத்தர் ஓட்டறாங்க. ரெண்டும் ஒண்ணாயிட்டா யாருக்குப் போட்டியா ஓட்டணும்?”

“அப்போ வட்டம் தப்பா?”

அவள் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தாள். ராத்திரி முழுக்க இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் உள்ளே நுழைகிறவர்களைத்தான் கேட்டாள். போன வழியேதான் அவர்கள் திரும்பினார்கள், அதே கால்களோடு, கூடுதலாக ஒரு பையோடு. அதனால் வாசலில் கேட்டது போதுமாக இருந்தது. அதற்குப்பின் எத்தனையோ வழக்குகளில் இவளும், இவளைப் படித்தவர்களும் நுழைவாசலிலேயே நின்று கேட்டார்கள். வெளியே வருகிறவரைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைகளையும் வங்கிகளையும் சினிமாக் கொட்டகைகளையும் அளந்து பழகியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஆஸ்பத்திரியில் ஒருநாள் படுத்தவர் செய்திருக்க மாட்டார்.

“பாதி வழியைத்தான் அளந்திருக்கோம்” என்றாள்.

இயக்குநர் அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர். அவளைவிட வயதில் இளையவர். பச்சைப் புத்தகத்தைப் படித்துத்தான் பரீட்சை எழுதி உள்ளே வந்தவர்.

“மேடம், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா அந்த அத்தியாயம் தப்புன்னு நீங்களே எழுத்துல கொடுத்துட்டா, அதை வெச்சு முடிச்ச கேஸ்லாம் தோண்டி எடுத்துட்டு வருவாங்க. டயாலிசிஸுக்கு மட்டும் ஒரு விதிவிலக்குன்னு போட்டுடுங்களேன். உங்க புக்கும் நிக்கும், அந்த சென்டரும் பொழைக்கும்.”

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். ஆசையாகத்தான் இருந்தது. மூன்றாம் பதிப்பின் மெய்ப்புகள் வீட்டில் காத்திருந்தன. ஓய்வு பெறும் வருடம். யாரும் எதையும் தோண்டாமல் போனால் நல்லதுதான்.

விசாரணை நாளில் பெரிய மையத்துக்காக எழுந்து நின்றவன் அவளுடைய பழைய மாணவன். மாலைக் கல்லூரியில் மூன்றாம் பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாடம் நடக்கும்போதெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தவன். பெயர் மறந்து அவள் மனதில் அவன் மூன்றாம் பெஞ்சாகவே தங்கிவிட்டான். வெளியே பார்த்தாலும் காதைத் திறந்தே வைத்திருந்தான் போலிருக்கிறது. பச்சைப் புத்தகத்தை விரித்து, நான்காம் அத்தியாயத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான்.

“‘வாங்குபவர் பயணப்படத் தயாராக உள்ள தூரமே சந்தையின் எல்லை.’ ஐயா, அந்த எல்லைக்குள்ள இன்னும் மூணு ஆஸ்பத்திரி இருக்கு. நோயாளிகளே போவோம்னு சொல்லியிருக்காங்க, ஆணையத்தோட சொந்தக் குறிப்பிலேயே இருக்கு. இதை எழுதினவங்க இந்த அறையிலயே உக்காந்திருக்காங்க.”

வழக்கை விசாரித்த ஆயத்தின் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“எழுதினவங்க என்ன சொல்றாங்க?”

அவள் எழுந்தாள். “எழுதினப்போ சரின்னுதான் நெனச்சேன் ஐயா.”

“இப்போ?”

“இப்போ எனக்குக் கொஞ்சம் டைம் வேணும்.”

அறையில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. தலைவரும் சிரித்தார், ஆனால் சிரிப்பு முடிந்ததும் குரல் மாறியது. “டயாலிசிஸுக்குப் போறவங்களுக்கு ஒரு சட்டம், கடைக்குப் போறவங்களுக்கு ஒரு சட்டம்னு சொல்லிடாதீங்க. அப்படி ஒரு விதிவிலக்கு எந்தச் சட்டத்துல இருக்குன்னு கேப்பேன். அடுத்த மாச அமர்வுக்குக் கொண்டு வாங்க. இல்லைன்னா இருக்கறதை வெச்சு அனுமதி கொடுத்துடுவேன்.”

தாழ்வாரத்தில் மூன்றாம் பெஞ்சு பின்னாலேயே ஓடிவந்தான்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. தொழில்.”

“எடுத்துக்கலை. வாசிச்சப்போ நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தினீங்க. கிளாஸ்ல ஒருநாள்கூட இப்படி வாசிச்சதில்லையே நீங்க.”

“அடிக்குறிப்பைக்கூட விடாம படிச்சேன் மேடம். அங்கயும் எதிரா ஒண்ணும் இல்ல.”

“அதான் என் பிரச்சினையும்.”

*

அன்று மாலை கணவர் ஒரு பல்வரிசையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் மெய்ப்புகளை எதிரே போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

“நீ போட்ட வட்டத்துல உன்னையே நிக்க வெச்சுட்டானாமே.”

“யார் சொன்னா?”

“உங்க பொருளாதாரம்தான் போன் பண்ணினாரு. நீ சாப்பிட்டியான்னு கேட்டாரு. மனுஷன் அழாத குறை.” பல்வரிசையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “நானே உன் புக்கை முழுசா படிச்சதில்ல. ஒருத்தன் அடிக்குறிப்பு வரைக்கும் படிச்சிருக்கான். சந்தோஷப்படு.”

“விளையாடாதீங்க. நான் மாத்தலைன்னா அந்த சென்டர் போயிடும். மாத்தினா...”

“மாத்தினா?”

“ஒரு வரியில முடியாது. அந்த வரி மேல எத்தனை பேர் வீடு கட்டிக் குடி இருக்காங்க.”

“இடிஞ்சு விழுமா?”

அவள் யோசித்தாள். கடைகள் விழாது. வங்கிகள் விழாது. அங்கெல்லாம் போவதும் வருவதும் ஒன்றே. ஆனால் கண் ஆஸ்பத்திரி? பிரசவ ஆஸ்பத்திரி? விடிகாலையில் வெறுங்கையோடு போய் மூட்டை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு திரும்பும் மொத்த வியாபாரச் சந்தை? விதிவிலக்கு என்று ஒன்றைப் போட்டால் அதற்குப்பின் வரிசையாகப் போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். அப்படிப் போட வேண்டியிருந்தால் அது விதிவிலக்கே இல்லை. விதியிலேயே ஓட்டை.

“சிலது விரிசல் விடும்” என்றாள்.

“விரிசல்னா பூசிக்கலாம். நம்ம குளியலறை மாதிரி.” அவர் மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். “பூசறேன் பூசறேன்னு நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்.”

அடுத்த நாளிலிருந்து அவளும் பொருளாதார நிபுணரும் மையங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரே கேள்வியை ஒரே ஆளிடம் இரண்டு தடவை கேட்டார்கள், உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை. சம்மதித்தவர்களோடு வீடு வரை போனார்கள். வேனில், ஆட்டோவில், பஸ்ஸில், சிலரோடு நடந்து. வெயிலுக்கு ஜுரம் வரும் பொருளாதார நிபுணர் தொப்பி வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் வேனின் கடைசி இருக்கையில் தலையணையைக் கட்டிக்கொண்டு அசந்து தூங்கிவிட்டார். டிரைவர் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, கதவைத் தட்டி, “அம்மா, உங்க வீட்டு ஆளு” என்று அவரைப் பாதி இறக்கிவிட்டார். அந்த அம்மா பார்த்துவிட்டு, “எங்க ஆளு இன்னும் கொஞ்சம் செவப்பு” என்றாளாம். இந்தக் கதையை அலுவலகத்தில் அவரே சொல்லி அவரே சிரித்தார்.

அவள் தன் பக்கத்துக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கவில்லை. அழைத்துப்போக மகனோ மகளோ வண்டியோடு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு எந்த ஆஸ்பத்திரியும் பக்கம்தான், இரண்டு தடவை கேட்டாலும் ஒரே பதில்தான். அதையும் அப்படியே எழுதினாள். மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் போனாள். அங்கே கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் பக்கத்தில் ஒருவர் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார். சின்ன மையத்தில் பிளாஸ்கோடு யாரும் இல்லை. தனியாக வருகிறவர்களெல்லாம் வேன் இருக்கும் இடமாகப் பார்த்து வந்து சேர்ந்திருந்தார்கள். இதை எந்த வரைபடமும் காட்டியிருக்காது.

இரண்டு கம்பெனிகளுக்கும் கேள்வி அனுப்பி, வேன் எப்போது ஓட ஆரம்பித்தது, ஏன் என்று விளக்கம் கேட்டாள். சின்ன மையம் ஆரம்பித்த கொஞ்ச காலத்திலேயே பெரிய மையமும் ஆரம்பித்திருந்தது. ‘நோயாளிகள் வேறிடம் செல்வதைத் தவிர்க்க’ என்று பெரிய மையமே எழுதி அனுப்பியது. மூன்றாம் பெஞ்சு அன்று ஊரில் இல்லைபோலும். இருந்திருந்தால் அந்த வாக்கியத்தை வெளியே விட்டிருக்க மாட்டான்.

எழுத உட்கார்ந்தபோது இரண்டு நாள் முதல் வாக்கியத்திலேயே முட்டிக்கொண்டு நின்றாள். ‘பொதுவிதிக்கு மாறாக, சிறப்புச் சூழ்நிலையில்’ என்று தொடங்கிப் பார்த்தாள். இயக்குநர் கேட்டது அதைத்தான். படித்தால் நாகரிகமாகத்தான் இருந்தது. ஆனால் தலைவர் அந்த இடத்தில் விரலை வைத்து, எந்தச் சட்டத்தில் என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் மூன்றாம் பெஞ்சு புகுந்துவிடுவான். இந்த நாசூக்கான வாக்கியம் புத்தகத்தைக் காப்பாற்றும், வேனைக் காப்பாற்றாது. ஜெராக்ஸ் கடைக்காரர் மறுபடி அந்த நிறுத்தத்தில் உட்கார்ந்து, ஏற முடியாத பஸ்களை அனுப்பிக்கொண்டிருப்பார். அவள் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். அதன்பின் கை நிற்கவில்லை.

இயக்குநர் அறிக்கையைப் படித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கே திரும்பினார்.

“முதல் பக்கத்துலயேவா மேடம்? கொஞ்சம் உள்ள தள்ளிப் போடக் கூடாதா?”

“உள்ள போட்டா ஒளிச்சு வெச்சேன்னு அந்த வக்கீல் வாசிப்பாரு, ஏற்ற இறக்கத்தோட. நானே முதல்ல போட்டுட்டா வாசிக்கறதுக்கு அவருக்கு ஒண்ணுமில்ல.”

“பழைய கேஸ்காரங்க வந்தா?”

“வரட்டும். எதெல்லாம் நிக்கும், எதை மறுபடி பாக்கணும்னு அறிக்கையோட கடைசிப் பகுதியில எழுதியிருக்கேன். வர்றவங்களுக்கு உக்கார நாற்காலி போடுங்க, போதும்.”

இயக்குநர் பேனாவை எடுத்து, கையெழுத்துப் போடும் முன் ஒரு தரம் அவளைப் பார்த்தார். “புக்கு என்ன ஆகும்?”

“நான்காம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதறேன். பதிப்பாளர்கிட்ட சொல்லிட்டேன். கோபத்துல போனை வெச்சுட்டாரு. ராத்திரி அவரே கூப்பிட்டு எவ்வளவு பக்கம் கூடும்னு கேட்டாரு.”

அமர்வு நாள் வந்தது. அதே அறை, அதே மூக்குக்கண்ணாடி. பின் வரிசையில் சின்ன மையத்திலிருந்து ஓரிருவர் வந்திருந்தார்கள். அன்று இயந்திரத்தில் படுக்கும் நாள் இல்லை என்பதால் ஜெராக்ஸ் கடைக்காரரும் வந்திருந்தார். வாரிய தலை, மடிப்புக் கலையாத சட்டை. வழக்கத்தைவிட மெதுவாக நடந்து வந்து, கதவோரமாக உட்கார்ந்து, முட்டியில் கை வைத்துக்கொண்டார்.

“கொண்டு வந்திருக்கீங்களா?” என்றார் தலைவர்.

“வந்திருக்கேன் ஐயா. எதிர்த்தரப்புக்கு ஒரு பிரதி முதல்ல கொடுத்துடறேன்.”

மூன்றாம் பெஞ்சு அதை வாங்கி, நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தான். ‘இந்த அறிக்கை, இதை எழுதுபவர் எழுதிய நூலின் நான்காம் அத்தியாயத்தை ஏற்கவில்லை. அந்த அத்தியாயம் வாங்குபவர் போகும் வழியை மட்டும் அளந்தது. எல்லா வழக்குகளிலும் இரண்டு வழியையும் அளக்க வேண்டும். அளந்தால் இங்கே போட்டியாளர்கள் இரண்டு பேர் மட்டுமே.’ இரண்டாவது தடவையும் படித்தான். பையிலிருந்து எடுத்து வைத்திருந்த பச்சைப் புத்தகத்தை மூடி, மேசையின் ஓரத்துக்குத் தள்ளினான்.

“இதை நான் எதிர்த்துத்தான் பேசியாகணும் மேடம்” என்றான் மெல்ல.

“பேசுங்க. நல்லா பேசுங்க. சரியா இருந்தா அதையும் அத்தியாயத்துல சேத்துக்கறேன்.”

அவள் இரண்டாவது பிரதியை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். கிளார்க் வாங்க எழுந்தார். தலைவர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, மேடையிலிருந்து தானே குனிந்து கையை நீட்டினார். அவள் அறிக்கையை அந்தக் கையில் கொடுத்தாள்.